மோட்டார் சைக்கிள் எண்ணெய்: கலப்பும் கலப்படமும்

2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வண்டி வாங்க நினைத்திருந்த நடுத்தர மக்களுக்கு இது நல்ல செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வரி குறைவதற்கு முந்திய 2024-25 நிதியாண்டிலேயே நம் நாட்டில் ஏறக்குறைய 1 கோடியே 96 லட்சம் இரு சக்கர வண்டிகள் விற்பனையாகியிருக்கின்றன.

வண்டியின் விலையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு நடந்தது. வாங்கிய வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. காலையில் பால் கொண்டுபோகிறவர், சித்தாள் வேலைக்கு 20 மைல் போகிறவர், வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் இளைஞர் ஆகியோருக்கெல்லாம் வண்டிதான் ஏர், வண்டிதான் மாடு. அந்த மாட்டுக்குத் தீனி பெட்ரோல் என்றால், ரத்தம் என்ஜின் எண்ணெய். சுமார் ஒரு லிட்டர் எண்ணெய். சில நூறு ரூபாய் சமாசாரம். ஆனால் அது சரியில்லாவிட்டால் பிஸ்டனும் கிளட்சும் தேய்ந்து, பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும். அந்தச் சில நாட்கள் கூலியும் போகும்.

இந்த எண்ணெயைப் பற்றி மக்களிடையே ஒரு பயம் இருக்கிறது. “ஒரு கம்பெனி எண்ணெயோடு இன்னொரு கம்பெனி எண்ணெயைக் கலந்தால் என்ஜின் போய்விடும்” என்பதே அந்தப் பயம். ஆனால் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. கலப்பு அவ்வளவு ஆபத்தல்ல, கலப்படம்தான் ஆபத்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, கலப்படச் சரக்கு எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்கச் சர்க்கார் 2024 முதல் அமலாக்கியிருக்கும் விதி எவ்வளவு தூரம் உதவும் என்பதையெல்லாம் பார்ப்போம்.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய். கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். கியரைக் கையால் மாற்றும் சாதாரணக் கார்களில் கிளட்சு எண்ணெயே படாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிள் அப்படியல்ல. இன்று ஓடும் பெரும்பாலான நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் பிஸ்டன், கியர், கிளட்சு ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்சுத் தகடுகள் அந்த எண்ணெயிலேயே நனைந்துகொண்டு சுழல்கின்றன.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பிஸ்டனுக்கு வழுக்கல் வேண்டும். உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கிளட்சுக்கோ பிடிப்பு வேண்டும். தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்தான் என்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். கியர் பற்களுக்கு வேண்டியது வேறு: அவை எண்ணெயை நசுக்கிக் கடித்தாலும் அது நீர்த்துப்போகாமல் தாங்க வேண்டும். இந்த மூன்று எஜமானர்களுக்கும் ஒரே வேலைக்காரன் ஊழியம் செய்தாக வேண்டும். காருக்கு நல்ல எண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கு நல்ல எண்ணெயாக இல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

ஸ்கூட்டரின் கதை வேறு. கியர் மாற்றும் வேலையில்லாத இன்றைய ஸ்கூட்டர்களில் கிளட்சு எண்ணெய்க்கு வெளியே உலர்ந்திருக்கிறது. ஆகவே ஸ்கூட்டருக்கு வழுக்கல் அதிகமுள்ள எண்ணெய் கொடுத்தால் பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். அதே எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால், மேட்டில் ஏறும்போது என்ஜின் அலறும், வண்டி நகராது.

எண்கள் என்ன சொல்கின்றன?

எண்ணெய் டப்பாவின் முகப்பில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் எண்ணெய் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. இந்த எண்கள் தரத்தைச் சொல்பவை அல்ல, பாகுத்தன்மையைச் சொல்பவை. அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. என்ற என்ஜினீயர்கள் சங்கம் 1911-ல் ஆரம்பித்து வைத்த அளவுமுறையின் இன்றைய வடிவம் இது.

தேனும் தண்ணீரும் ஒரே வேகத்தில் வழிவதில்லை அல்லவா? எண்ணெயும் குளிரில் தேன்போல் கெட்டிப்படும். சூட்டில் தண்ணீர்போல் இளகும். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைக் குறிக்கிறது. அந்த எழுத்து குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 10டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி குளிரில் சோதித்துத் தேறிய பிறகே அந்தப் பெயர் கொடுக்கிறார்கள். திருச்சியிலும் வேலூரிலும் இருப்பவர்களுக்கு அந்தச் சோதனையால் பெரிய லாபமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு பாகாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. அளவுகோலில் 9.3-லிருந்து 12.5-க்குள் இருந்தால் 30, 12.5-லிருந்து 16.3-க்குள் இருந்தால் 40. அதற்கு மேல் 21.9 வரை 50.

“நம் ஊர் வெயிலுக்கு 50-தான் நல்லது” என்று சிலர் யோசனை சொல்வார்கள். வண்டியைச் செய்தவர் 10டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும்போது இந்த யோசனையைக் கேட்கக் கூடாது. என்ஜினுக்குள் இருக்கும் இடைவெளிகளும் எண்ணெய் பம்பும் குறிப்பிட்ட பாகுக்கென்றே அமைக்கப்பட்டவை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற புகை விதி அமலான பிறகு வந்த வண்டிகளில், கையேட்டில் உள்ளதைவிட்டு விலகாமலிருப்பது இன்னும் அவசியம். அதேபோல 15டபிள்யூ-50 கேட்கும் ராயல் என்ஃபீல்டு வண்டியில் 30 எண்ணெயை ஊற்றிச் சிக்கனம் பார்ப்பதும் தவறு.

எழுத்துக்கள் என்ன சொல்கின்றன?

தரத்தைச் சொல்வது எண்களல்ல, எழுத்துக்கள். ஏ.பி.ஐ. என்று போட்டு அதன் பக்கத்தில் எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என்று இரண்டு எழுத்துக்கள் இருக்கும். ‘எஸ்’ என்பது பெட்ரோல் என்ஜினுக்குரியது என்று பொருள். அடுத்த எழுத்து அகர வரிசையில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அவ்வளவு புதிய தரம். எஸ்.எல். 2001-ல் வந்தது, எஸ்.என். 2010-ல், எஸ்.பி. 2020-ல், எஸ்.க்யூ. 2025-ல்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தரங்கள் எல்லாம் கார்களை மனத்தில் வைத்து வகுத்தவை. 1990-களில் கார்களின் பெட்ரோல் செலவைக் குறைப்பதற்காக, எண்ணெயில் வழுக்கலை அதிகப்படுத்தும் சேர்மானங்களைப் போட ஆரம்பித்தார்கள். கார் ஓட்டியவர்களுக்கு லாபம். அதே எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றியவர்களுக்கோ கிளட்சு வழுக்கியது. மோட்டார் சைக்கிள் தொழிலில் முன்னணியில் நின்ற ஜப்பானியர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1998-ல் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கென்றே ‘ஜாஸோ’ என்ற தரத்தை ஏற்படுத்தினார்கள். கிளட்சுக்குப் பிடிப்புக் கொடுக்கும் எண்ணெய்க்கு எம்.ஏ. என்று பெயர், வழுக்கல் மிகுந்ததற்கு எம்.பி. என்று பெயர். 2006-ல் எம்.ஏ.யையே எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். எம்.ஏ.2-ல் பிடிப்பு இன்னும் அதிகம்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது மூன்றே விஷயம். கையேட்டில் சொன்ன எண் இருக்கிறதா? கையேட்டில் சொன்ன ஏ.பி.ஐ. எழுத்து, அல்லது அதற்குப் பிந்திய எழுத்து இருக்கிறதா? மோட்டார் சைக்கிளானால் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் கம்பெனியின் பெயரும் விளம்பரத்தில் வரும் நடிகரின் முகமும் இரண்டாம் பட்சம். 500 ரூபாய் எண்ணெயில் எம்.பி. என்றும், 350 ரூபாய் எண்ணெயில் எம்.ஏ. என்றும் இருந்தால், மோட்டார் சைக்கிள்காரருக்கு உயர்ந்தது 350 ரூபாய் எண்ணெய்தான்.

கலந்தால் என்ன ஆகும்?

இனிக் கலப்பு விஷயத்துக்கு வருவோம். கலக்கக் கூடாது என்ற பயம் ஆதாரமில்லாமல் பிறந்ததல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

நம் வண்டிக்காரர்கள் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சுக்கு மை போட்டார்கள். மேல்நாட்டாரும் மோட்டார் வந்த புதிதில் அதே விளக்கெண்ணெயைத்தான் நாடினார்கள். முதல் உலக யுத்தத்து விமானங்கள் பலவற்றில் அதுவே மசகு. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-ல் உண்டானதுதான். சூட்டைத் தாங்குவதில் விளக்கெண்ணெய் கெட்டிக்காரன். ஆனால் மண்ணெண்ணெய் வர்க்கத்தைச் சேர்ந்த கனிம எண்ணெயோடு அது சரியாகச் சேராது. பிரிந்து நிற்கும், பிசுபிசுக்கும். ஆகவே பந்தய வண்டிக்காரர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது என்ஜினைக் கழுவிவிட்டு மாற்றினார்கள். எண்ணெய் மாறிவிட்டது, எச்சரிக்கை மட்டும் வாய்வழியாக இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

இன்றைய நிலை என்ன? ஏ.பி.ஐ. தரச் சின்னம் பெற விரும்பும் எண்ணெயை, மாதிரி எண்ணெய்களோடு தனித்தனியே கலந்து, சுடவைத்தும் குளிரவைத்தும் பார்க்கிறார்கள். பிரிந்து நின்றால் தேறாது. அதாவது, ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதே தரத்தின் ஒரு ஷரத்து. ‘மினரல்’ எண்ணெயும் ‘சிந்தெடிக்’ எண்ணெயும் சேராது என்பதும் சரியல்ல. கடையில் ‘செமி-சிந்தெடிக்’ என்று விற்கிறார்களே, அது என்ன? இரண்டையும் கம்பெனிக்காரரே கலந்து டப்பாவில் அடைத்ததுதான்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் 10டபிள்யூ-30 எண்ணெய் 900 மில்லி இருக்கிறது. அளவு குறைந்துவிட்டது. நடு வழியில் கிடைத்தது 20டபிள்யூ-50 மட்டும். அதில் 100 மில்லி ஊற்றினால் என்ன ஆகும்? 30 எண்ணெயின் பாகு 10.5 என்றும் 50 எண்ணெயின் பாகு 18 என்றும் வைத்துக்கொண்டால், கலவையின் பாகு ஏறக்குறைய 11. அது இன்னும் 30-ன் எல்லைக்குள்தான் இருக்கிறது. சரி பாதியாகக் கலந்தால் 13-க்கும் 14-க்கும் நடுவில் வரும். அதாவது 40 எண்ணெயாகிவிடும். என்ஜின் உடனே நின்றுவிடாது. ஆனால் கையேடு கேட்ட எண்ணெய் அதுவல்ல.

அப்படியானால் தாராளமாகக் கலக்கலாமா? கூடாது. ஒவ்வொரு எண்ணெயிலும் அழுக்கைக் கரைப்பதற்கு, தேய்மானத்தைத் தடுப்பதற்கு, நுரையை அடக்குவதற்கு என்று பல சேர்மானங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி அவற்றைச் சேர்த்திருக்கிறது. இரண்டு நல்ல சமையற்காரர்களின் குழம்பை ஒன்றாக ஊற்றினால் விஷமாகாது. ஆனால் இருவரில் எவருடைய ருசியும் இராது. உயர்ந்த எண்ணெயோடு தாழ்ந்ததைக் கலந்தால் கலவை தாழ்ந்ததன் பக்கம் சாயும். 800 ரூபாய் எண்ணெயில் 300 ரூபாய் எண்ணெயைக் கலப்பவர் 500 ரூபாயை வீணாக்குகிறார்; அவ்வளவுதான்.

கண்டிப்பாகக் கூடாத கலப்பு ஒன்றுதான்: மோட்டார் சைக்கிளில் எம்.பி. எண்ணெயையோ, பெட்ரோல் சிக்கனத்துக்கென்று விற்கும் கார் எண்ணெயையோ கலப்பது. தெரியாமல் ஊற்றிவிட்டால், கிளட்சு வழுக்கத் தொடங்குமுன் வடித்துவிட்டுச் சரியான எண்ணெயை ஊற்ற வேண்டும். ஸ்கூட்டரில் எம்.ஏ. எண்ணெயை ஊற்றிவிட்டால் கவலையில்லை. மைலேஜ் சற்றுக் குறையலாம்.

எல்லாவற்றையும்விட மோசமானது எண்ணெய் குறைந்த நிலையில் ஓட்டுவது. ‘சரியான கம்பெனி எண்ணெய் கிடைக்கவில்லையே’ என்று 50 மைல் வறட்சியில் ஓட்டுவதைவிட, தரமுள்ள வேறு எண்ணெயை அளவு வரை ஊற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து, பிறகு முழுவதையும் மாற்றுவது புத்திசாலித்தனம்.

கலப்படம் எங்கிருந்து வருகிறது?

இதுவரை பார்த்தது நல்ல எண்ணெய்கள் ஒன்றோடொன்று சேரும் கலப்பு. கலப்படம் வேறு ஜாதி. ஓடிக் கறுத்த பழைய எண்ணெயை வடிகட்டி, நிறம் வெளுக்கும்படி ஏதாவது செய்து, சாயம் சேர்த்து, பிரபலமான கம்பெனியின் காலி டப்பாவில் அடைத்து விற்பதே கலப்படம். அதில் பாகும் நிலையாக இராது, சேர்மானங்களும் தீர்ந்துபோயிருக்கும். தேய்ந்த உலோகத் துகள் மிச்சமிருந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும்.

இந்தத் தொழிலுக்கு மூன்று மூலப் பொருள்கள் வேண்டும்: பழைய எண்ணெய், காலி டப்பா, ரசீது கேட்காத வாடிக்கைக்காரர். மூன்றையும் நாமே கொடுக்கிறோம்.

பட்டறையில் எண்ணெய் மாற்றுகிறோம். வடித்த எண்ணெய் எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? அது குப்பையல்ல, லிட்டருக்கு விலை போகும் சரக்கு. ஒரு சிறு பட்டறையில் நாளைக்கு ஐந்து வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சுமார் 150 லிட்டர். அதை வாங்கிப் போக ஆள் வருகிறார். கொஞ்சம் சென்டரிங் பலகைக்குப் பூசப் போகிறது. கொஞ்சம் சூளைகளிலும் உலைகளிலும் எரிகிறது. கொஞ்சம் சாக்கடையில் கலக்கிறது. கொஞ்சம் புது டப்பாவில் நம்மிடமே திரும்பி வருகிறது.

இதில் நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமல்ல. ஒரு தடவை எண்ணெய் மாற்றும்போது கிடைக்கும் பழைய எண்ணெய் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுப்புறப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அது காருக்குச் சொன்ன கணக்கு. மோட்டார் சைக்கிளில் எண்ணெய் குறைவு; ஆனால் வண்டிகள் அதிகம். 2024-25-ல் விற்ற இரு சக்கர வண்டிகளில் மின்சார வண்டிகளைக் கழித்து 1 கோடியே 80 லட்சம் என்று வைத்துக்கொண்டு, வண்டிக்கு ஆண்டுக்கு 2 லிட்டர் என்று போட்டாலும், அந்த ஓராண்டு வண்டிகளுக்கு மட்டுமே 3 கோடியே 60 லட்சம் லிட்டர் ஆகிறது. ஏற்கனவே ஓடுகிற கோடிக்கணக்கான வண்டிகளை இதில் சேர்க்கவில்லை.

அதே எண்ணெயை முறைப்படி வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தால், மறுபடியும் முதல் தரமான அடிப்படை எண்ணெய் கிடைக்கும். அரைக் காலனுக்குச் சற்று அதிகமான மசகெண்ணெய் எடுக்க 42 காலன் கச்சா எண்ணெய் தேவைப்படும் இடத்தில், ஒரு காலன் பழைய எண்ணெயே போதும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. முறைப்படி சுத்தம் செய்து, தரம் பார்த்து, சொந்தப் பெயரில் விற்பது கலப்படமல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கச்சா எண்ணெயில் பெரும் பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நமக்கு அது ஒரு செல்வம். அந்தச் செல்வத்தைச் சாக்கடையிலும் சூளையிலும் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

புது விதி என்ன செய்கிறது?

மத்திய சர்க்கார் 2023 செப்டம்பரில் அபாயகரக் கழிவு விதிகளைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 முதல் அத்திருத்தம் அமலில் இருக்கிறது. அதன் சாரம் இது: எண்ணெயைத் தயாரித்து விற்பவரே, பழைய எண்ணெய் முறைப்படி சுத்தம் செய்யப்படுவதற்கும் பொறுப்பாளி. முதலாண்டான 2024-25-க்கு 5 சதவீதம் என்று ஆரம்பித்து, படிப்படியாக 50 சதவீதம் வரை அந்தப் பொறுப்பு உயர வேண்டும். பதிவு பெற்ற சுத்திகரிப்பாளர்கள் பழைய எண்ணெயைச் சுத்தம் செய்த அளவுக்குச் சான்றிதழ் பெறுவார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் அந்தச் சான்றிதழ்களைப் பணம் கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கை நேர் செய்ய வேண்டும்.

யோசனை நல்ல யோசனை. இதுவரை இருந்த சங்கடம் என்ன? முறைப்படி சுத்தம் செய்பவருக்கு யந்திரச் செலவு, கழிவை அப்புறப்படுத்தும் செலவு, வரி எல்லாம் உண்டு. சூளைக்காரருக்கும் கலப்படக்காரருக்கும் இவை எதுவுமில்லை. ஆகவே பட்டறை வாசலில் அவர்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுத்து வாங்க முடிந்தது. நேர்மையான ஆலைக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. இப்போது சான்றிதழ் விற்ற பணம் ஆலைக்கு வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொள்முதல் விலையில் சேர்த்துக் கொடுத்தால், பட்டறைக்காரர் தாமாகவே ஆலையின் பக்கம் திரும்புவார். போலீஸ் சோதனை சாதிக்காததைச் சந்தை சாதித்துவிடும்.

ஆனால் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள், பஸ் டெப்போக்கள், கம்பெனி சர்வீஸ் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து பழைய எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக எடுப்பது சுலபம். 5 சதவீதம், 10 சதவீதம் என்ற இலக்கை அங்கேயே எட்டிவிடலாம். மரத்தடியிலும் முச்சந்தியிலும் இருக்கும் பட்டறைக்கு யார் போவார்கள்? மோட்டார் சைக்கிள் எண்ணெயின் பெரும் பகுதி அங்கேதான் வடிகிறது. சான்றிதழின் பணம் மரத்தடிப் பட்டறை வரை வராவிட்டால், காகிதத்தில் இலக்கு நிறைவேறும். சாக்கடையில் எண்ணெய் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டில்லி காட்டிய வழி

சிறு கடை வரை சட்டம் எட்டாது என்று சொல்வதற்கில்லை. ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடிய காலத்தில், பெட்ரோலோடு 2டி எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். பங்கில் சில்லறையாக அளந்து ஊற்றிய எண்ணெயின் தரத்துக்கு யாரும் ஜவாப்தாரியல்ல. அளவுக்கு மேல் ஊற்றுவதும் சகஜம். விளைவு, தெருவெல்லாம் நீலப் புகை.

டில்லிக் காற்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1998 ஜூலை 28-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பெட்ரோல் பங்குகளிலும் பட்டறைகளிலும் 2டி எண்ணெயைச் சில்லறையாக விற்பதை நிறுத்த வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு யந்திரமே அளவாகக் கலந்து கொடுக்கும் பம்புகளை வைக்க வேண்டும் என்பது அதன் ஷரத்துக்களில் சேர்ந்தது. அந்த உத்தரவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கலக்கும் வேலையை ஒவ்வொரு தனி மனிதனின் மனச்சாட்சிக்கு விடாமல், கலக்கும் இடத்திலேயே ஒழுங்கு செய்தார்கள். பழைய எண்ணெய் விஷயத்திலும் அதே வழிதான் பலன் தரும். வண்டிக்காரருக்கு உபதேசம் செய்வதோடு நிற்காமல், எண்ணெய் வடியும் இடத்தில் வசதி செய்ய வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

மாசுக் கட்டுப்பாடு வாரியமும் நகராட்சிகளும், பட்டறைகள் நெருக்கமாக உள்ள தெருக்களில் பழைய எண்ணெய்க்குப் பொதுப் பீப்பாய் வைத்து, பதிவு பெற்ற ஆலைகள் வாரம் ஒருமுறை எடைபோட்டுப் பணம் கொடுத்து எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை போன்ற வட்டாரங்களில் இதை முதலில் நடத்திப் பார்க்கலாம். கம்பெனிகளின் இலக்கில் ஒரு பகுதி சிறு பட்டறைகளிலிருந்தே வர வேண்டும் என்று ஒரு ஷரத்துச் சேர்ப்பதும் அவசியம்.

எண்ணெய்க் கம்பெனிகள் காலி டப்பாவுக்கு ஐந்தோ பத்தோ ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். கள்ளச் சரக்குக்காரனுக்கு டப்பா கிடைப்பது நின்றுபோனால் பாதித் தொழில் படுத்துவிடும்.

சட்டம் இல்லாமலில்லை. பிறர் வாணிபச் சின்னத்தைப் போலி செய்து விற்றால் 1999-ம் ஆண்டு வாணிபச் சின்னச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. புகார் செய்ய ரசீது வேண்டும். ரசீது இல்லாதவர் புகார் ஏறாது.

வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது மிகச் சுலபம். கையேட்டைத் திறந்து, எண்ணையும் எழுத்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் டப்பாவின் முத்திரையை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் பெயரில்லாத எண்ணெய் வேண்டாம். அச்சிட்ட விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ரசீது வாங்குங்கள். ஊற்றி முடிந்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கீறிவிடச் சொல்லுங்கள். மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கள்ளச் சரக்கால் கெட்ட பெயர் வருவது அவருக்கும்தான். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915-க்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. புது எண்ணெய் ஆயிரம் மைல் ஓடிக் கறுத்துவிட்டால் கலப்படம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அழுக்கைக் கரைத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் நல்ல எண்ணெயின் வேலை. கறுப்பது அதன் லட்சணம். மாற்றும் காலத்தை நிறம் பார்த்தல்ல, கையேடு பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். வண்டிக்கு வண்டி அது 3,000 கிலோமீட்டராகவும் இருக்கும், 10,000 ஆகவும் இருக்கும். நாள் ஒன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 3,000 என்பது ஒரே மாதம். அப்படிப்பட்டவர்களின் சம்பாத்தியத்தில்தான் கள்ள எண்ணெய் முதலில் கை வைக்கிறது.

மின்சார வண்டி வந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்லக் கூடும். அதற்கு என்ஜின் எண்ணெய் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் இன்று விற்கும் பெட்ரோல் வண்டிகள் இன்னும் பத்துப் பதினைந்து வருஷங்களாவது நம் தெருக்களில் ஓடும். வரியைக் குறைத்து வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த சர்க்கார், அது நேர்மையான எண்ணெயில் ஓடுவதற்கும் வழி செய்ய வேண்டும். விதி எழுதியாகிவிட்டது, அது மரத்தடிப் பட்டறை வரை போய்ச் சேர வேண்டும். அதுவரை, அவசரத்துக்கு 100 மில்லி கலந்துவிட்டோமே என்று யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. வடித்த எண்ணெயும் காலி டப்பாவும் எங்கே போயின என்று கேட்காமல் மட்டும் பட்டறையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.